164 மீட்டர் மலையும் ஒரு பாறைப் பூவும்

முதல் நாள், சனி

மனசில்லாமல்தான் கிளம்பினேன். சிங்கப்பூரிலிருந்து தம்பி மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவன் மகளுக்கு ஜூன் மாதம் பள்ளி விடுமுறை. எனக்கோ ஜூன் என்றால் வால்பாறையில் மழை இறங்கும் மாதம். மழை இறங்கிய சில வாரங்களில் எங்கள் எஸ்டேட் சாலை ஓரத்துப் பாறையில் ஒரு சின்னப் பூ வரும். 31 வருடம் டீச்சராக இருந்தவள், அந்தப் பூவை ஒரு வருடமும் பார்க்காமல் விட்டதில்லை. இந்த வருடம் தவறப்போகிறது.

இதைத் தம்பியிடம் சொன்னால் சிரிப்பான். சொன்னேன், சிரித்தான். "அக்கா, இங்க மலையையே கட்டி வச்சிருக்காங்க, கண்ணாடிக்குள்ள. உங்க பூ இல்லாமலா போயிடும்?" என்றான். பயணத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து நேரடி விமானம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டே வந்தார், நான் தூங்காமலே வந்தேன். தம்பி வீடு புக்கிட் பாஞ்சாங்கில், வீவக என்கிற அரசு அடுக்குமாடி புளோக்கின் பதினோராவது மாடி. மலாயில் புக்கிட் என்றால் குன்று, புக்கிட் பாஞ்சாங் என்றால் நீளக் குன்று. ஜன்னலைத் திறந்ததும் குன்றைத் தேடினேன். எதிர் புளோக்கில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அத்தை, உங்க பூ எந்தக் கலர்?" என்று மருமகள் கேட்டாள். ஒன்பது வயது. வெளிர் ஊதா கலந்த ரோஸ் என்றேன். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். "சின்னதா இருக்கே" என்றாள். ஆமாம், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள், ஞாயிறு

மலை ஏறினோம். மலை என்று நான் சொல்வதைத் தம்பி மனைவி ரசிக்கவில்லை, "இங்க இதுதான் மதினி பெருசு" என்றாள். புக்கிட் தீமா, 163.63 மீட்டர். ஆழியாறிலிருந்து எங்கள் ஊருக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்தக் கணக்கில் ஆறேழு வளைவு ஏறினால் இந்த உயரம் வந்துவிடும், பஸ்ஸில் யாருக்கும் தலைகூடச் சுற்றியிருக்காது.

வீட்டிலிருந்து டௌன்டவுன் ரயில் பாதையில் நாலாவது நிறுத்தம் பியூட்டி வேர்ல்ட். அங்கிருந்து நடந்தே அடிவாரம் போய்விடலாம். அதற்கப்புறம் தார்ச்சாலை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல செங்குத்து. உயரத்தை வைத்துக் கேலி பேசியவளுக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. எங்கள் ஊர்க் குளிரில் ஏறுவது வேறு, இந்தப் புழுக்கத்தில் ஏறுவது வேறு. முதுகில் வழிந்த வியர்வை காயவே இல்லை.

ஆனால் காடு நிஜமான காடு. 1883-லேயே பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரின் மற்றக் குன்றுகளுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. நகரின் தெற்கே வாலிச் குன்று என்று ஒன்று இருந்தது. 1822-இல் இங்கே முதல் தாவரத் தோட்டம் போட யோசனை சொன்ன கல்கத்தா தோட்டக்காரர் நதானியேல் வாலிச்சின் பெயர் அதற்கு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை வெட்டித் தெலுக் ஆயர் கடலோரத்தைத் தூர்த்துவிட்டார்கள். செடி ஆராய்ந்த மனிதரின் பெயரில் இருந்த குன்று இன்று கடலுக்குள் மண்ணாகக் கிடக்கிறது. புக்கிட் தீமா தப்பித்தது. அதன் ஓரங்களிலும் கருங்கல்லுக்காகக் குடைந்திருக்கிறார்கள், ஒரு குவாரி இப்போது குளமாக நிற்கிறது.

1854-இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இங்கே வந்து தங்கி, இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைப் பிடித்தார். நான் இரண்டு மணி நேரத்தில் பிடித்தது ஒரு முழங்கால் வலி.

பூ தேடிப் போனவளுக்கு இந்தக் காட்டின் தரை முதலில் ஏமாற்றம். மேலே செராயா மரங்கள் குடை பிடித்து நிற்கின்றன. வெளிச்சம் முழுக்க அங்கேயே செலவாகிவிடுகிறது. பூப்பதும் அங்கேதான், நம் கண்ணுக்கு எட்டாத உயரத்தில். கீழே இருப்பதெல்லாம் இலைகள். பச்சையில் எத்தனை பச்சை என்று எண்ணலாம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே வந்தபோது ஒரு சரிவில் நீலம் தெரிந்தது.

பூ இல்லை, இலை. செலாஜினெல்லா வகை, பெரணிக்குத் தூரத்துச் சொந்தம். மயில் கழுத்து நீலம். அருகில் போய்க் குனிந்தேன், நீலம் போய்ப் பச்சையாகிவிட்டது. ஒரு அடி பின்னால் வந்தேன், மறுபடி நீலம். மருமகள் அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். ஒரு எட்டு முன்னே, ஒரு எட்டு பின்னே, "இருக்கு, இல்ல, இருக்கு, இல்ல." நிழலில் வாழும் இந்தச் செடியின் நீலத்தில் சாயம் எதுவும் கிடையாது. இலையின் மேல்தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் விதத்தில் வரும் நிறம் அது. எண்ணெய் சிந்திய தண்ணீரில் வானவில் தெரிவதைப் போல என்று சொன்னேன். "டீச்சர் மாதிரிப் பேசாதீங்க அத்தை" என்றாள்.

இந்த மலைக்கென்றே ஒரு பூ உண்டு. கிரிப்டோகொரைன் திமாஹென்சிஸ். சேம்புக்கு உறவு, சின்னஞ்சிறு ஓடைச் செடி, உலகத்தில் புக்கிட் தீமாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. வருவதற்கு முன்பே அதைப் பற்றிப் படித்திருந்தேன். இதே ஓடைகளில் இந்த ஊருக்கே உரிய ஒரு சின்ன நண்டும் இருக்கிறது, அதுவும் அழிவின் விளிம்பில்தான். இரண்டையும் பார்க்கவில்லை. பாதையை விட்டு இறங்கக் கூடாது, நானும் இறங்கவில்லை. இத்தனூண்டு மலையில் தனக்கென்று ஒரு பூவும் ஒரு நண்டும் வைத்திருப்பது பெரிய விஷயம்தான். காலையில் அடித்த கேலியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

உச்சியில் ஒரு பாறை, அதில் உயரத்தைப் பொறித்திருக்கிறார்கள். வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். இறங்கும்போது நீளவால் குரங்கு ஒன்று வந்து தம்பி மனைவியின் கையிலிருந்த பிளாஸ்டிக் பையை நிதானமாக வாங்கிக்கொண்டு போனது. வாங்கிக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும், பிடுங்கவே இல்லை. உள்ளே நான் ஊரிலிருந்து கொண்டுவந்த கைமுறுக்கு. எங்கள் ஊர்ச் சிங்கவால் குரங்குகள் இதைவிடக் கூச்ச சுபாவம்.

மூன்றாம் நாள், திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தம்பி வேலைக்குப் போய்விட்டான். லிஃப்ட் பராமரிப்பு வேலை, மழை வெயில் பார்க்க முடியாது. நானும் மருமகளும் வீட்டில். கலர் பென்சில் டப்பாவை எடுத்துவந்து, "உங்க பூவை வரைவோமா?" என்றாள்.

போனிலிருந்த படத்தைப் பார்த்து மூன்று இதழ் வரைந்தாள். ஐந்து என்றேன். "மூணுதான் இருக்கு, பாருங்க!" பார்த்தால் மூன்றுதான். இதில்தான் இந்தக் குடும்பத்துப் பூக்கள் ஆளை ஏமாற்றும். மேலே ஒன்று தனி. பக்கத்துக்கு இரண்டு, அந்த இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. எண்ணினால் ஐந்து, பார்த்தால் மூன்று. அப்புறம் பின்பக்கம் ஒரு வால். அதை இதழ் என்று நினைத்துவிடக் கூடாது, அது புல்லி இதழ். ஒரு புல்லி இதழ் மட்டும் குழாயாக நீண்டு, கீழ்ப்பக்கம் வளைந்து, நுனியில் தேனை வைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பூவில் அந்த வால் பூவைவிட நீளம். அதனால் என் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் வால் பூ. புத்தகப் பெயர் இம்பேஷன்ஸ் ஸ்கேப்பிஃப்ளோரா. வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் காட்டு உறவு.

உலகத்தில் காசித்தும்பை இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூற்றை ஒட்டி இருக்கின்றன, பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. ஒன்று மரக்கிளையில் தொற்றி வளரும், ஒன்று ஓடைக்கரையில் இடுப்பளவு நிற்கும். எங்களுடையது பாறைக்காரி. தண்ணீர் கசியும் செங்குத்துப் பாறையில், பாசி பிடித்த இடமாகப் பார்த்து உட்காரும். தண்டு என்று ஒன்று கிடையாது. பாறையோடு ஒட்டி இரண்டு மூன்று இலை, நடுவிலிருந்து ஒரு காம்பு, காம்பில் இலையே இல்லாமல் பூக்கள். பூ ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது.

அதன் வாழ்க்கை ஜூனில் தொடங்கி மழையோடு முடிந்துவிடும். மழை நின்றதும் இலை அழுகி, காம்பு சாய்ந்து, எல்லாம் போய்விடும். பாறை இடுக்கில் ஒரு சின்னக் கிழங்கு மட்டும் இருக்கும். வருடத்தில் பாதிக்கு மேல் அது அப்படியே தூங்கும். அந்த மாதங்களில் அங்கே போய்ப் பார்த்தால் வெறும் பாறைதான். அதனாலேயே ஒரு முறை கெட்டுப்போனது. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் பிப்ரவரியில் பாறையைச் சுரண்டினார்கள். நான் போய்ச் செடி இருக்கிறது என்றேன். எங்கே, காட்டுங்க டீச்சர் என்றார்கள். எதைக் காட்டுவது? மூன்று மழைக்காலம் அந்தப் பாறை சும்மா இருந்தது. நாலாவது வருடம் மேல் இடுக்கிலிருந்து விதை விழுந்து இரண்டே இரண்டு செடி வந்தது. அன்றைக்கு வகுப்பையே அங்கே நடத்தினேன்.

"ஒண்ணு எனக்குக் கொண்டுவந்திருக்கலாம்ல" என்றாள். அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் ஒரு செடியையும் இந்த ஊருக்குள் கொண்டுவர முடியாது என்று சொன்னேன். முடிந்தாலும் கொண்டுவந்திருக்க மாட்டேன், அதைச் சொல்லவில்லை.

மத்தியானம் மழை விட்டது. தாழ்வாரத்தில் இரண்டு வீடு தள்ளி ஒரு சீனப் பாட்டி தொட்டிகள் வைத்திருக்கிறார். கற்றாழை, கறிவேப்பிலை, அதற்கப்பால் பார்த்தால், காசித்தும்பை! சிவப்பு, அடுக்குப் பூ. எனக்குச் சீனம் தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது. நான் பூவைக் காட்டிச் சிரித்தேன். பாட்டி தன் நகங்களைக் காட்டி, பூவைக் காட்டி, கல்லில் அரைப்பதுபோலச் செய்தார். அரைத்து நகத்துக்குச் சாயம் பூசுவார்களாம். நமக்கு மருதாணி மாதிரி.

ஒரு காய் முற்றியிருந்தது. பாட்டியிடம் சைகையில் கேட்டுக்கொண்டு மருமகளின் கையில் வைத்து, மெதுவாக அமுக்கு என்றேன். பட்டென்று வெடித்தது. ஐந்து ஓடுகளும் ஒரு நொடியில் பச்சைப் புழுக்களாகச் சுருண்டு உள்ளங்கையில் கிடந்தன, விதைகள் தாழ்வாரமெங்கும் தெறித்தன. பிள்ளை அலறிவிட்டாள், அப்புறம் சிரிப்பு. இம்பேஷன்ஸ் என்றால் லத்தீனில் பொறுமை இல்லாதது. பாட்டி விளக்குமாற்றை எடுக்கப் போனார், நாங்கள் இருவரும் குனிந்து விதை பொறுக்கினோம்.

நான்காம் நாள், செவ்வாய்

அதே ரயில் பாதையில் எட்டாவது நிறுத்தம் பூமலை. சிங்கப்பூர்த் தமிழர்கள் தாவரவியல் தோட்டத்துக்கு வைத்திருக்கும் பழைய பெயர் இது என்று தம்பி சொன்னான். பூமலை! மலை என்று சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை, மெல்லிய மேடுபள்ளம்தான். ஆனாலும் பெயர் எனக்குப் பிடித்துப்போனது. 1859-இல் தொடங்கிய தோட்டம், 2015-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

எஸ்டேட்டில் வளர்ந்தவளுக்கு இங்கே ஒரு பாக்கி இருக்கிறது. 1877-இல் ரப்பர் நாற்றுகள் இந்தத் தோட்டத்துக்கு வந்தன. 1888 முதல் 1911 வரை இதை நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ரப்பர் நடுங்கள் என்று பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்ததால் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார். பிறகு மலாயா முழுக்க ரப்பர் நின்றது. அந்த மரங்களுக்குப் பால் வெட்ட நம் சனங்கள் கப்பல் ஏறினார்கள். எங்கள் பக்கம் தேயிலைக்கு மலை ஏறினவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான், திரும்பிய திசை மட்டும் வேறு. ரிட்லி நூறு வயது வரை இருந்தார் என்பது கூடுதல் செய்தி.

ஆர்க்கிட் தோட்டத்துக்குள் ஒரு குளிர்வீடு இருக்கிறது, மலைக்காட்டு ஆர்க்கிட்களுக்காக. கதவைத் திறந்ததும் முகத்தில் பட்ட காற்றில் அப்படியே ஊர் வாசனை. ஈரப் பாசி வாசனை. இரண்டு நிமிடம் கண்ணை மூடி நின்றேன். எனக்குப் பின்னால் வந்த குடும்பம் சுற்றிக்கொண்டு போனது. பெரிய பூக்களை எல்லோரும் படம் எடுத்தார்கள். மருமகள்தான் கிளையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஆர்க்கிட்டைக் கண்டுபிடித்தாள். பூ எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தால் அதிகம். போன் கேமராவுக்கு அது பிடிபடவே இல்லை, பின்னால் இருந்த பாசியைத்தான் துல்லியமாக எடுத்தது.

பிறகு தோட்டத்தின் காலப் (Gallop) பகுதியில் தாவர ஓவியக் கூடம். 2021-இல் திறந்தது. பழைய பங்களா, உள்ளே தண்ணீர் வண்ண ஓவியங்கள். நான் கூட்டத்தை அங்கே நிறுத்திவிட்டேன், தம்பி மனைவி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தாளில் செடி முழுசாக, ஓரத்தில் பூவைப் பிளந்து வைத்த சின்னப் படங்கள், மகரந்தப் பை தனியாக, சூல் தனியாக. புகைப்படத்தில் இது வராது. புகைப்படம் ஒரு செடியைக் காட்டும், இவர்கள் பத்துச் செடியைப் பார்த்து ஒரு செடியை வரைகிறார்கள். ரிட்லி காலத்தில் இலங்கையிலிருந்து வந்த டி ஆல்விஸ் சகோதரர்கள் இந்தத் தோட்டத்துக்காக வரைந்தார்கள். அதற்கும் முன்பு மதராஸ் மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்தார்கள். நம் மலைப் பூக்களை உலகம் பார்த்தது அந்த இரண்டு பேரின் தூரிகை வழியாகத்தான், ஆனால் செடிகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது வைட்டின் பெயர்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் தன் படத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, "இது என்ன உள்ள இருக்கும்?" என்று கேட்டாள். தொப்பி என்றேன். ஐந்து மகரந்தப் பைகளும் ஒட்டி, சூல்முடியின் மேல் தொப்பி போலக் கவிழ்ந்திருக்கும். பூ விரிந்ததும் முதலில் ஆண் வேலை. தேனுக்கு வரும் பூச்சியின் முதுகில் மகரந்தம் ஒட்டும். சில நாளில் தொப்பி கழன்று விழும், அதன் பிறகுதான் சூல்முடி தயாராகும். தொப்பி வரைந்தாள். அது போலீஸ் தொப்பியாக வந்திருக்கிறது, பரவாயில்லை.

ஐந்தாம் நாள், புதன்

தேக்கா, இந்த ஊர் லிட்டில் இந்தியாவின் சந்தை. கூட்டம், சாம்பிராணி, காய்கறி, தம்பி மனைவிக்கு நாலு முழம் மல்லிகை. பூக்கடைத் தம்பியிடம் காசித்தும்பை விற்பீர்களா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். அதை யாரும் கட்ட மாட்டாங்கம்மா, தொட்டாலே உதிர்ந்துரும் என்றார். சரியான பதில். கால் வலி, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

ஊரிலிருந்து தோழி செய்தி அனுப்பியிருந்தாள். மழை பிடித்துக்கொண்டதாம், கரண்ட் இல்லையாம்.

ஆறாம் நாள், வியாழன்

கண்ணாடி மலைக்குப் போன நாள். பேஃபிரண்ட் வரை அதே ரயில். கரையோரப் பூந்தோட்டத்தின் மேகக் காடு 2012-இல் திறந்தது. ஆயிரம் மீட்டரிலிருந்து மூவாயிரம் மீட்டர் வரையிலான வெப்பமண்டல மலைகளின் குளிரையும் ஈரத்தையும் கடல் மட்டத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கதவைத் தாண்டியதும் 35 மீட்டர் அருவி முகத்தில் சாரல் அடிக்கிறது. என் மூக்குக்கண்ணாடி பனி மூடிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே முதல் பத்து நிமிடம் போனது.

பொய் மலை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். லிஃப்டில் உச்சிக்கு அழைத்துப் போகிறார்கள், ஏற வேண்டாம், இறங்கினால் போதும், இது ஒன்றே போதாதா? உச்சியில் குடுவைச் செடிகள். அவற்றுக்கு நடுவில் லெகோ கட்டைகளால் செய்த குடுவைச் செடி. நிஜத்தைப் படம் எடுத்தவர்களைவிட லெகோவைப் படம் எடுத்தவர்கள் அதிகம். மருமகளும் சேர்த்தி.

ஆனால் சுவரை ஒட்டி நடக்கத் தொடங்கியதும் என் வாய் அடைத்தது. செங்குத்தான சுவர், முழுக்கச் செடி. பெரணி, பிகோனியா, பாசி, தண்ணீர் சொட்டும் இடுக்குகள். தண்ணீர் சொட்டும் இடத்தில் எது உட்கார வேண்டுமோ அது உட்கார்ந்திருக்கிறது. யாரோ மலையைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வளைவில் நின்றுவிட்டேன். வால்! சிவப்பு வால், மஞ்சள் நுனி, கிளிமூக்கு மாதிரி வளைந்த குட்டிப் பூக்கள், தடித்த தண்டிலிருந்து நேராகத் தொங்கின. இம்பேஷன்ஸ் நியாம்நியாமென்சிஸ், ஆப்பிரிக்காக்காரி. எங்கள் பூவுக்கு ஒன்றுவிட்ட அக்கா.

"இதுவா உங்க பூ?" என்று மருமகள் கத்தினாள். சொந்தக்காரி என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனால் அவளே வாலைக் காட்டி, "இது இதழ் இல்ல, அந்த இன்னொண்ணு" என்றாள். எனக்கு அது போதும்.

கீழே போகும் வழியில் சீருடையில் ஒருவர் தட்டில் செடிகளை மாற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் திரும்பி, "எந்த ஊரும்மா?" என்றார். மன்னார்குடிப் பக்கம், வந்து ஒன்பது வருடம் ஆகிறதாம். வால்பாறை என்றதும் கல்யாணமான புதுசில் ஒருமுறை வந்ததாகவும் அட்டை கடித்ததாகவும் சொன்னார். எல்லோரும் அட்டையைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நான் படத்தைக் காட்டி, இந்த மாதிரிக் கிழங்கிலிருந்து வருவது, பாதி வருஷம் காணாமல் போவது ஏதாவது இங்கே உண்டா என்றேன். யோசித்தார். "நான் பாக்கிற பக்கத்துல இல்லம்மா. பூ முடிஞ்சா எடுத்துட்டு வேற வச்சிருவோம். சும்மா விட்டா இடம் காலியாத் தெரியும்ல."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. டிக்கெட் எடுத்து வருகிறவருக்கு வெறும் பாறையைக் காட்ட முடியாது. ஆனால் அதற்கப்புறம் நான் அந்தச் சுவரை வேறு மாதிரிப் பார்த்தேன். குளிர் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, பனி குறித்த மணிக்கு வருகிறது. ஊரெல்லாம் சாலையோரம் வெட்டிய கிளைகளை எரித்து, அந்தச் சூட்டை வைத்தே இதைக் குளிர வைக்கிறார்கள் என்று தம்பி சொன்னபோது மலைத்துப் போனேன். எவ்வளவு மூளை! இல்லாதது ஒன்றே ஒன்று, பிப்ரவரி மாதம். எதுவும் வராத, எதுவும் தெரியாத, காய்ந்த பாறை மட்டும் இருக்கும் மாதம். எங்கள் பூவுக்கு அதுவும் வேண்டும்.

இதைச் சொல்லித் தம்பியைக் கடுப்பேற்றினேன். "அக்கா, மலையைக் கட்டினா மழை நிக்கலங்கிறீங்க" என்றான். வெளியே வந்து சோற்றுக்கடை தேடி, சூடாக மீ கோரெங் சாப்பிட்ட பிறகுதான் சமாதானமானோம்.

ஏழாம் நாள், வெள்ளி

இன்று இரவு விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. முறுக்கு கொண்டுவந்த டப்பாவில் மைலோவும் தைலப் புட்டிகளும் போகின்றன. பொறுக்கிய விதைகளை மருமகள் ஒரு தயிர் டப்பாவில் விதைத்துத் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறாள். நாளுக்கு ஐந்து தடவை தண்ணீர் ஊற்றுகிறாள், அழுகாமல் இருந்தால் சரி. படத்தை எனக்குக் கொடுத்துவிட்டாள். மூன்றாகத் தெரியும் ஐந்து இதழ், நீள வால், ஓரத்தில் போலீஸ் தொப்பி.

சாயங்காலம் காப்பிக்கடையில் கோப்பி-ஓ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தோழியிடமிருந்து ஒரு படம். கீழே, "உன் பூ பூத்துருச்சுடி!"

நெஞ்சு ஒரு முறை நின்று ஓடியது. விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். தட்டையான ஐந்து இதழ், ரோஸ், மெல்லிய ஊசி வால், தண்டெல்லாம் இலை. வால் பூ இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டத்துக்கென்று வந்து, வேலி தாண்டி, எங்கள் பக்கச் சாலையோரமெல்லாம் பரவியிருக்கும் இம்பேஷன்ஸ் வாலேரியானா. வருடம் முழுக்கப் பூக்கும், யார் கண்ணிலும் படும். ஒரு வாரமாகச் சொந்தக்காரிகளாகவே வந்து போகிறார்கள்.

பதில் எழுதப் போனவள் நிறுத்தினேன். பூவுக்குப் பின்னால், படத்தின் இடது மூலையில், நனைந்த கருப்புப் பாறை. அதில் ஒரு இடுக்கு. இடுக்கில் பச்சையாக இரண்டு புள்ளி. இன்னும் பெரிசாக்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. இலையாக இருக்கலாம், பாசியாகவும் இருக்கலாம். மருமகளிடம் காட்டினேன், போனை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"பின்னாடி இருக்கிற பாறையைக் கிட்டப் போய் எடுத்து அனுப்பு" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "அங்க ஒண்ணும் இல்லடி, வெறும் பாறை."